நர்ஸை எழுப்பிய கதை

என் வானொலித் தொடரை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, நான் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலைக் கடையில் நின்று சோம்பை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து தயாரிப்பாளர் அழைத்தார். என்னைவிட வயதில் இளையவர். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுபவர். அன்று சிரிக்கவில்லை.

"அக்கா, சாரிக்கா. ஸ்பான்சர் போயிட்டாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து நம்ம நேரத்துல பாட்டு போடப் போறாங்க."

"கதை முடியலையே தம்பி."

"தெரியும்கா. நான் என்ன செய்யிறது?"

"அவ ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கா."

"எனக்கும் கஷ்டமாத்தான்கா இருக்கு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தத் தொடரின் கதாநாயகி ஒரு நர்ஸ். அவளுக்கு ஒரு தம்பி. இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவள் வாழ்க்கையைக் குலைக்கவே பிறந்த ஒரு தாய்மாமன். அவளை மனதுக்குள் விரும்பிக்கொண்டு வாய் திறக்காத ஒரு டாக்டர். போதாதென்று அவள் தலைக்குள் ஒரு கட்டியையும் வைத்திருந்தேன். கடைசியாக ஒலிபரப்பான பகுதியில் அவளை மேசையில் படுக்க வைத்து, முகமூடி போட்டு, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று அவள் குரல் தேய, இசை எழுந்து, அந்த வாரத்துக்கு முடிந்தது. இப்போது அவள் எட்டிலேயே நின்றுவிட்டாள்.

கடைக்கார அக்கா மிளகாய்த் தூளை நிறுத்துக்கொண்டே நான் பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். தெருமுனை வரை கேட்கும்.

"யாருக்குமா ஆபரேஷன்?"

"யாருக்கும் இல்லக்கா. ரேடியோ கதையில வர்ற நர்ஸுக்கு."

அவர் தராசை விட்டுவிட்டார். "அந்த நர்ஸ எழுதுறது நீயா?"

பல வருடங்களாக அவரிடம் மசாலை வாங்குகிறேன். என் மகளுக்கு எந்தப் பொடி ஒத்துக்கொள்ளாது என்பது வரை அவருக்குத் தெரியும். நான் எழுதுகிறவள் என்பது தெரியாது. தொடரின் முடிவில் என் பெயரை யாரோ அவசரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குள் கேட்பவர்கள் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவார்கள். நானும் போய்ச் சொன்னதில்லை.

"வாராவாரம் கேக்குறேன்மா. பாக்கெட்டு கட்டிக்கிட்டே கேப்பேன். சரி, அவ பொழச்சிடுவாதானே?"

நான் பேச்சை மாற்றி, சோம்பை நிறுக்கச் சொன்னேன். ஏனென்றால் அவளைச் சாகடிப்பதாகத்தான் முடிவு செய்து வைத்திருந்தேன்.

நான் ஜார்ஜ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். கத்தோலிக்கக் குடும்பம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எழுதுகிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தேன், பத்திரிகை மூடப்பட்டது. இன்னொன்றில் சேர்ந்தேன், அது மாதம் ஒருமுறை என்றாகி, பிறகு தீபாவளிக்கு மட்டும் என்றாகி, பிறகு அதுவும் இல்லை என்றானது. இடையில் நினைவஞ்சலிக் கவிதைகள் எழுதினேன். கல்யாண வாழ்த்துமடல்கள் எழுதினேன். மலாய்த் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ்த் துணையுரை எழுதினேன். லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடைக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு எழுதிக் கொடுத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தத் தெருவில் நடந்தால், "வாங்கம்மா வாங்க" என்று என்னுடைய சொற்களே என்னை வரவேற்கும். அந்த வேலைகள் எதையும் நான் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் மனதுக்குள் நான் ஒரு நாவலாசிரியை என்ற நினைப்பு இருந்தது.

தொடர் நின்ற அதே மாதம் அந்த நினைப்புக்கும் ஓர் அடி விழுந்தது. நான் வருடக்கணக்கில் எழுதிய நாவலை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்திருந்தேன். மரியாதையான மனிதர். அவரே அழைத்தார்.

"நடை நல்லா இருக்குங்க. குறை சொல்ல ஒன்னுமில்ல. ஆனா இப்ப தமிழ் நாவல யாருங்க படிக்கிறாங்க? கேக்குறதுக்கே ஆள் இல்ல."

நன்றி சொல்லி வைத்தேன். சமையலறைக்குப் போய் ஒரு பெரிய பூசணிக்காயைத் தேவைக்கு மேல் வெட்டினேன். அன்று மாலை வேலையிலிருந்து வந்த என் கணவர் குழம்பைப் பார்த்தார், பொரியலைப் பார்த்தார், கூட்டைப் பார்த்தார். "யாரு என்ன சொன்னா?" என்று கேட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறார். மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து போய் வருவார். இந்து. எங்கள் கல்யாணத்தின்போது இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் பிறந்த பிறகு இரண்டு வீட்டாரும் போட்டி போட்டுக்கொண்டு பலகாரம் சுமந்து வந்தார்கள். ஞாயிறுதோறும் என்னை மாதா கோவில் வாசலில் இறக்கிவிட்டு எதிர்ப்பக்கக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்து நான் வரும்போது எனக்கும் ஒரு கோப்பி தயாராக இருக்கும். அவர் புத்தகம் படிக்க மாட்டார். ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் கேட்டிருக்கிறார். துணி மடித்துக்கொண்டே கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் நிறுத்தினால், "அப்புறம்?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் விவிலியத்திலிருந்து முதல் வாசகம் வாசிக்கும் முறை எனக்கு. நான் அன்று கோவிலுக்குப் போனது கடவுளிடம் முறையிடத்தான். இருந்த ஒரு கதவையும் ஏன் சாத்தினீர் என்று கேட்கத்தான். அந்தக் கோபத்திலேயே வாசித்தேன். வாசகம் முடிந்ததும் "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று சொல்ல வேண்டிய சொற்களைக்கூடச் சொல்லாமல் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் பதில் சொல்வதா வேண்டாமா என்று விழித்தது.

பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசித்த விதத்துக்குத் திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனேன். அவர் மேலங்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் கேட்டேன்னு வெளிய சொல்லாதீங்க. அந்தப் பிள்ளை பொழச்சாளா இல்லையா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எந்தப் பிள்ளை பாதர்?"

"நர்ஸ். நேத்து போட்டுப் பாத்தேன், பாட்டு வருது. காடிய ஓட்டிக்கிட்டுப் போகும்போது அதத்தான் கேப்பேன். இன்னொரு கோவிலுக்குப் போய்ப் பூசை வச்சிட்டு வர்ற தூரத்துக்கு அது சரியா இருக்கும்."

தொடர் நின்ற கதையைச் சொன்னேன். நாவல் திரும்பி வந்ததையும் சொன்னேன். பேசிக்கொண்டே இருந்ததில் அதுவும் வந்துவிட்டது: "உண்மையச் சொல்லணும்னா பாதர், நான் அவளக் கொல்லத்தான் இருந்தேன்."

அவர் அப்படியே நின்றார். "எப்போ?"

"அடுத்த பகுதியிலேயே."

"ஏன்?"

அதற்கு நான் பெரிய விளக்கம் வைத்திருந்தேன். அவள் இறக்கிறாள், அவள் கண்கள் பார்வை மங்கிவரும் அந்தத் தம்பிக்குப் போகின்றன, வாழ்நாளெல்லாம் அக்காவைப் பார்க்க மறுத்தவன் அவள் கண்ணாலேயே உலகத்தைப் பார்க்கிறான். எழுதாமலேயே நான் பலமுறை அழுதிருந்த முடிவு அது. பங்குத் தந்தை முழுவதையும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். ஆனால் முகம் விழுந்துவிட்டது. கோப்பிக்கு வரச் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அடுத்த வாரத்தின் நடுவில் ஒரு மாலை. என் கணவர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

"எங்க கேண்டீன் அக்கா இருக்காங்கல்ல. அவங்களுக்குப் பித்தப்பையில கல்லாம். வர்ற செவ்வாய்க்கிழம ஆபரேஷன். போகமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

அந்த அக்காவை நான் பார்த்ததில்லை. சமையலை மட்டும் தெரியும். அவர் வைக்கும் மீன் சம்பலைக் கணவர் சில நாள் எனக்காகப் பொட்டலம் கட்டி வருவார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அதிகாலை பஸ்ஸில் வந்து அத்தனை பேருக்கும் சமைப்பவர். கணவர் இல்லை. பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக் கரையேற்றியவர்.

"ஏன் போகமாட்டாங்களாம்? பயமா?"

"உன்னாலதான்."

கேண்டீன் அக்காவும் சமையல்கட்டில் ரேடியோவை வைத்து அந்தத் தொடரைக் கேட்டு வந்திருக்கிறார். நர்ஸை மேசையில் படுக்க வைத்ததோடு கதை நின்றுபோனது. அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குத் தேதி வந்திருக்கிறது. அவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். படுத்தவள் எழுந்திருக்கவில்லை, இது சாமி காட்டுகிற குறி, நான் போகப் போவதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார். மகன் கெஞ்சிப் பார்த்தானாம். மேனேஜரே வந்து சொல்லிப் பார்த்தாராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறாராம்.

"அது கதைங்க. நான் எழுதினதுன்னு சொல்லவேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்ப உன் சம்சாரத்துக்கிட்டயே கேளு, அவ எழுந்திரிச்சாளான்னு கேட்டாங்க." அவர் இப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினார். "நான் என்ன சொல்லட்டும்?"

எங்கள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மா, நீங்க எழுதுற எல்லாத்துலயும் யாராவது செத்துடுறாங்க. நாவல்லகூட முதல் பக்கத்துலேயே ஒரு பொணம். ஒரு தடவ ஒருத்திய உயிரோட வீட்டுக்கு அனுப்புனா என்ன லா?"

"அது அந்தக் கதைக்கு வேணும்டி."

"எந்தக் கதை? அதான் கேன்சல் ஆயிடுச்சே," என்றார் கணவர். "இப்ப அது யாரு கதை? ஸ்பான்சர் கதையும் இல்ல, ரேடியோ கதையும் இல்ல. நீ முடிச்சு வைக்கிறதுதான்."

எனக்கு ரோஷம் வந்தது. ஒரு சமையல்கார அக்காவின் பயத்துக்காக என் முடிவை மாற்றுவதா என்று ஒரு பக்கம். பதிப்பாளர் கேட்பதற்கு ஆளில்லை என்றாரே, இதோ ஒருத்தி தன் உயிரையே அந்தக் கதையில் கட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இன்னொரு பக்கம். செபமாலையை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் உட்கார்ந்தேன். எதிரே அடுக்ககங்களுக்கு நடுவில் ஒரு துண்டுக் கடல் தெரியும். செபத்தில் இரண்டாம் மறைபொருளுக்கு மேல் போக முடியவில்லை, ஏனென்றால் நர்ஸ் கண் விழித்ததும் முதலில் என்ன பேசுவாள் என்ற யோசனை வந்துவிட்டது. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்து எழுத உட்கார்ந்தேன்.

சாவை எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. விளக்கு மங்கும், மழை பெய்யும், யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிழைத்தவர்களை எழுதத் தெரியவில்லை. கண் விழித்தாள், தம்பி ஓடி வந்தான், இருவரும் அழுதார்கள் என்று எழுதினேன். மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "செத்த மாதிரியேதான் இருக்கு," என்றாள். கிழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, மகளைப் பெற்ற பிறகு நான் மயக்கம் தெளிந்து எழுந்ததை நினைத்துப் பார்த்தேன். அன்று எனக்குப் பெரிய எண்ணம் எதுவும் வரவில்லை. பிள்ளையைக்கூட உடனே கேட்கவில்லை. என் புதுச் செருப்பை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் பதறினேன்.

அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. நர்ஸ் கண் விழித்து, "என் செருப்பு எங்க?" என்று கேட்டாள். தம்பி அழுதுகொண்டே கட்டிலுக்கடியில் குனிந்து தேடினான். டாக்டர் தேடினார். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரும் தேடினார். செருப்பு தாய்மாமன் காலில் இருந்தது. அவர் அவளை நிம்மதியாகச் சாக விடாமல் சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வாங்க வந்தவர், அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது. அத்தனை வருடம் எழுதியதில் நான் எழுதிக்கொண்டே சிரித்தது அதுதான் முதல் முறை. சமையலறையிலிருந்து கணவர் வந்து நின்று, "அப்புறம்?" என்றார்.

எழுதியாகிவிட்டது, யார் நடிப்பது? பழைய நடிகர்கள் கோலாலம்பூரில் இருந்தார்கள். கேண்டீன் அக்காவிடம் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியாது. அவருக்குக் கதை காதில் விழ வேண்டும். மகள், "நான் நர்ஸ்," என்றாள். யாரும் கேட்கவில்லை, அவளே சொன்னாள். டாக்டருக்குக் கணவர். நர்ஸின் அம்மா வேடத்துக்கு மசாலைக் கடை அக்காவைக் கேட்டேன். கடையை யாரிடம் விடுவது என்றுகூட யோசிக்காமல் சரி என்றார். தம்பிக்குக் கோவில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். தாய்மாமனுக்கு ஆள் கிடைக்கவில்லை. கோவில் வளாகத்தில் எங்கள் காடியை நிறுத்தி, காருக்குள்ளேயே ஒலிப்பதிவு செய்யலாமா என்று அனுமதி கேட்கப் பங்குத் தந்தையிடம் போனேன்.

"பொழைக்கிறாளா?"

"பொழைக்கிறா பாதர்."

"அந்தத் தாய்மாமன் யாரு செய்யிறா?"

"இன்னும் ஆள் கிடைக்கல."

அவர் மேசையிலிருந்த பேனாக்களை வரிசையாக அடுக்கினார். "செமினரியில சாமியாருக்குப் படிக்கும்போது நான் நாடகம் போட்டிருக்கேன்," என்றார்.

காடிக்குள் பதிவு செய்வது மகளின் யோசனை. எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டில் கராஓகே, கீழ் வீட்டில் பறவைகள், பக்கத்தில் எப்போதும் யாராவது சுவரைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். காடியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் அதுதான் எங்களிடம் இருக்கும் அமைதியான அறை. சனிக்கிழமை மதியம் கோவில் வளாகத்தில் மர நிழலில் நிறுத்தினோம். முன்னால் கணவரும் மகளும். பின்னால் நான், மசாலைக் கடை அக்கா, பங்குத் தந்தை. தம்பி வேடக்காரர் இடமில்லாமல் எங்கள் காலடியில் குந்தி, முன் இருக்கைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டார். ஏர்கோன் சத்தம் விழும் என்று மகள் அதை அணைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது. கடை அக்காவின் சேலையிலிருந்து வந்த சீரக வாசனையில் பங்குத் தந்தை இரண்டு வசனத்துக்கு ஒரு முறை தும்மினார்.

என் கணவர் டாக்டராக நடித்ததைப் பற்றி என்ன சொல்வது. "பயப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்," என்ற வசனத்தை அவர் பம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்வது போலவே சொன்னார். மகள் மறுபடி மறுபடி சொல்ல வைத்தாள். மாறவில்லை. "எனக்கு வர்ற குரல்தான் வரும்," என்றுவிட்டார்.

பங்குத் தந்தை மட்டும் வேறு ஆளாகிவிட்டார். பூசையில் மென்மையாகப் பேசும் மனிதர், காடியே அதிரும்படி கத்தினார்: "நீ இந்த ஆஸ்பத்திரிய விட்டு உயிரோட வெளிய போகமாட்டே. எழுதிக் குடுத்துட்டுச் சாவு."

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பங்குப் பேரவைத் தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எதற்கும் அவசரப்படாதவர். அவருக்குப் பின்னால் மறைக்கல்விப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பங்குத் தந்தை வேர்த்து வழியும் முகத்தோடு கண்ணாடியை இறக்கினார்.

"ஒன்னும் இல்ல அண்ணே. நாடகம்."

தலைவர் குனிந்து உள்ளே இருந்த எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த தாள்களைப் பார்த்தேன். அவர் கேட்டார்: "எனக்கு ஏதாச்சும் பார்ட் இருக்கா?"

பக்கத்து வார்டு நோயாளியின் குறட்டைச் சத்தத்தை அவருக்குக் கொடுத்தோம். காடியில் இடமில்லாததால் வெளியே நின்று கண்ணாடி இடுக்கு வழியாகக் குறட்டை விட்டார். மிக நேர்த்தியான குறட்டை. கடை அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு பதிவில் விழுந்துவிட்டது. மகள் அதை அழிக்கவில்லை. தாயின் விம்மல் போலத்தான் கேட்கிறது என்றாள்.

ஞாயிறு மாலை கணவர் அதைக் கைப்பேசியில் கேண்டீன் அக்காவுக்கு அனுப்பினார். நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கைப்பேசியையே பார்த்தோம். கேட்டுவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. மகள் எழுந்து போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தாள். அதைக் குடித்து முடிக்கும் நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் பாத்திரங்கள் உருளும் சத்தம். யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். பிறகு அக்காவின் குரல்: "சரி. போறேன்."

அவ்வளவுதான் சொன்னார். என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் வேலைக்கு விடுப்புப் போட்டார். அர்ச்சனை செய்ய வேண்டும், நீயும் வா என்றார். எங்கள் கோவிலில் பங்குத் தந்தை காலைப் பூசையை அக்காவுக்காக ஒப்புக்கொடுத்திருந்தார். அதை முடித்துக்கொண்டு நேராக முருகன் கோவிலுக்குப் போனோம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு யார் பெயருக்கு என்று கேட்டார். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, உருக்கமாக, என் நர்ஸின் பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவருக்கு விளக்கம் சொல்லும் நிலையில் இல்லை. எத்தனையோ கஷ்டங்களை அவளுக்கு எழுதியிருக்கிறேன், ஒரு நட்சத்திரம் எழுதவில்லை. "தெரியலங்க சாமி," என்றேன்.

"பரவால்ல, சாமி பேருலயே பண்ணிடலாம்," என்று குருக்கள் உள்ளே போனார். வெளியே வந்த பிறகு, தவறுதலாகச் சொன்னாரா என்று கேட்டேன். அக்காவின் முழுப்பெயர் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை, முருகனுக்குத் தெரியாதா என்றார்.

மாலையில் அக்காவின் மகன் அழைத்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றான். இரண்டு நாள் கழித்து அக்காவே பேசினார். முதல் முறையாக நாங்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்டோம்.

"தங்கச்சி, எனக்கு மயக்கம் குடுக்க வந்த டாக்டர் பயப்படாதீங்கன்னாரு. எனக்கு உம்புருஷன் குரல் ஞாபகம் வந்திடுச்சு. நம்ம கேண்டீன் பிரிட்ஜ ரிப்பேர் பண்றப்ப இதேதான் சொல்லுவாரு. நான் சிரிச்சிட்டேன். சிரிச்சிக்கிட்டேதான் தூங்கிப் போனேன்."

"எழுந்ததும் எப்படிக்கா இருந்துச்சு?"

"எழுந்ததும் வேணும்னேதான் கேட்டேன், என் செருப்பு எங்கன்னு. மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸிக்குப் புரியல. பக்கத்துல ஒரு தமிழ்ப் பிள்ளை மிஸ்ஸி இருந்திச்சு. அது சிரிச்ச சிரிப்பிருக்கே. அதுவும் கேட்டிருக்கு தங்கச்சி. யாரோ அதுக்கும் அனுப்பியிருக்காங்க."

எப்படி அது அங்கே போனது என்று எங்களுக்குத் தெரியாது. கேண்டீனிலிருந்து தொழிற்சாலைப் பெண்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் அக்கா தங்கைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தையல் கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்களாம். நர்ஸ் அந்த டாக்டரைக் கட்டிக்கொள்வாளா என்று கேட்டு எனக்குச் செய்திகள் வரத் தொடங்கின. கட்டக் கூடாது, அந்த டாக்டருக்கு உணர்ச்சியே இல்லை என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அன்று முழுவதும் என்னோடு உருக்கமாகப் பேச முயன்றார்.

கேட்பதற்கு ஆளிருந்ததால் தொடர்ந்து எழுதினேன். சனிக்கிழமைகளில் காடியில் பதிவு செய்தோம். மசாலைக் கடை அக்கா தானே ஸ்பான்சர் என்று அறிவித்துக்கொண்டார்; ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் தன் மீன் மசாலையைப் பற்றித் தன் பெரிய குரலில் தானே பேசினார். நாவல் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. எடுத்துத் திருப்பிப் படித்தபோது அதில் யாருமே சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். முதல் அத்தியாயத்திலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். சேலைக் கடைக்கும் எழுதுகிறேன், நினைவஞ்சலிகளும் எழுதுகிறேன். அந்த ஞாயிறு விட்டுப்போன சொற்களை அடுத்த முறை வாசகம் படித்தபோது சத்தமாகச் சொன்னேன். கூட்டமும் சத்தமாகப் பதில் சொன்னது.

உடம்பு தேறியதும் கேண்டீன் அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு மூவரும் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனோம். நான் மனதில் வைத்திருந்தது உயரமான ஒரு பெண்ணை. கதவைத் திறந்தவர் என் தோளுக்குத்தான் இருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா," என்றார். உள்ளே போய் இலை போட்டார்.

மீன் தலைக் கறி, சம்பல், கோழி வறுவல், பாயசம். அவருக்கே எண்ணெய் ஆகாது. எங்களைச் சாப்பிட வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கதை எழுதுகிறவள் வந்திருக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். பாதிச் சாப்பாட்டில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். எல்லாரிடமும் ஒரு கதை இருந்தது. மாமியாரை வெல்ல மலாய்ச் சமையல் கற்றுக்கொண்டவள், ஒரே பையனைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு அவனையும் இன்னொரு பையனையும் கண்டுபிடித்தவள், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் மகள் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியாக ஒரு பெண் வந்தார். பருமனான உடம்பு, கழுத்தில் ஒரு விசில். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவராம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி எழுதுங்க. ஆனா எழுதுனா கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க."

"இது கேக்குற கதை ஆண்டி," என்றாள் என் மகள். "ஒல்லின்னு எப்படித் தெரியும்?"

"குரல்ல தெரியணும் லா. அது உங்கம்மா வேலை."

எல்லாரும் சிரித்தார்கள். கேண்டீன் அக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்கடி என்றார். அந்த வேன்காரப் பெண் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, புருஷன் விட்டுப் போன மறுநாள் காலையில் அவன் நிறுத்திவிட்டுப் போன வேனில் ஏறி, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாமல், ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போன கதையைத் தொடங்கினார். என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றேன்.